மருந்து வைக்கிற கை

மரகதம் வீட்டுக்காரர். யார் சொன்னது? அந்தத் துப்பாக்கி கிளப் செகரட்டரி, பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற மொட்டைத் தலையன், மைக்கைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால், "அடுத்து நம்ம மரகதம் வீட்டுக்காரர்" என்றானே, அன்றைக்குப் பிடித்த சனி. பீளமேட்டில் பம்பு செட் பட்டறை வைத்து, நாலு ஜில்லாக் கிணறுகளில் மோட்டார் இறக்கி, அந்தக் கிளப்பில் பாதிப் பேருக்குத் துப்பாக்கியை எப்படித் தோளில் அணைக்கிறது என்று சொல்லிக்கொடுத்த தெய்வசிகாமணி, ஒரே வாயில் மரகதம் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரிக்காமல் வேறென்ன பண்ணுவது, சோபாவில் உட்கார்ந்து அழவா முடியும்? மரகதம் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சேலைக் கரையை நீவிக்கொண்டிருந்தாள். சிரித்துத் தொலைத்திருக்கலாம். பாவம் பார்த்தாளே, கட்டின புருஷனைப் பாவம் பார்த்தாளே, அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறது? சிகாமணி தராசுத் தட்டில் இருந்த மருந்தைப் பார்த்தார். முள் நின்றுவிட்டது. சரியாக நின்றுவிட்டது. அவருடைய டப்பாவுக்கான கடைசித் தோட்டா அது. இனி அவளுடையது.

மருந்து என்றால் வெடிமருந்து. கருகருவென்று கடுகுக்குத் தம்பி மாதிரி இருக்கும் பொடி. கார் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சின்ன அறையில், மின்விசிறி போடக்கூடாது, தராசு ஆடும், சனிக்கிழமை மத்தியானப் புழுக்கத்தில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ள, சிகாமணி தோட்டா போட்டுக்கொண்டிருக்கிறார். கடைத் தோட்டாவைச் சுடுகிறவர்கள் சுடட்டும், அது ஓட்டல் சாப்பாடு, எல்லா வாய்க்கும் ஒரே உப்பு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, அடியில் பொறி விடுகிற வில்லையைப் பொருத்தி, மருந்தை அளந்து போட்டு, பென்சில் முனை மாதிரிச் சின்னக் குண்டைக் கூட்டின் வாயில் வைத்து அழுத்தினால் அது நம் துப்பாக்கிக்கு நம் கையால் போட்ட சாப்பாடு. அதற்கென்று அனுமதி வாங்க எத்தனை ஆபீஸ் படி ஏறினார் என்பது தனிக் கதை. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு. மருந்து ஒரு பொடி கூடினால் அட்டையில் ஓட்டைகள் சிதறும், ஒரு பொடி குறைந்தால் வேறு மாதிரிச் சிதறும், குண்டு கூட்டுக்குள் ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினால் இன்னொரு மாதிரி. அந்தப் பக்குவத்தைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று அவருக்கு. அஞ்சு அஞ்சாகப் போட்டு, கொண்டுபோய்ச் சுட்டு, அட்டையைக் கொண்டுவந்து விளக்கடியில் பார்த்து, திரும்பப் போட்டு. ஒருநாள் அஞ்சு ஓட்டையும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து ஒரு ரூபாய்க் காசுக்கு அடியில் மறைந்தது. கூட்டின் கழுத்துவரை மருந்து வந்து நிற்க, குண்டு அதன் தலைமேலேயே உட்கார்ந்த அளவு அது. அய்யோ, அன்றைக்கு அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஓடிப்போய் மரகதத்திடம் காட்டினார். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதிரசத்துப் பாகு மாதிரிங்க, ஒரு கொதி முந்தியும் ஆவாது, பிந்தியும் ஆவாது" என்றாள். ஒரு வருஷப் பாடு. அதை ஒரு கொதியில் சொல்லிவிட்டாள். அப்போதே அவருக்குச் சுருக்கென்றது.

அவர்தான் வாங்கிக் கொடுத்தார், அதை யாரிடம் போய்ச் சொல்ல. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு ஊரில் அவனவன் வளையல் வாங்குவான், நெக்லஸ் வாங்குவான், இந்த மனுஷன் துப்பாக்கி வாங்கினார். ஒன்றில்லை, இரண்டு, கூடப்பிறந்தது மாதிரி, நம்பர்கூட அடுத்தடுத்து, இரண்டு குழலும் ஒரே கம்பியில் அறுத்தது என்று விற்றவன் சத்தியம் பண்ணினான். ஒன்றுக்குப் பிடித்த மருந்து மற்றதற்கும் பிடித்தது, சுட்டே பார்த்தாயிற்று. பக்கத்தில் படுத்து ரெண்டு குண்டு சுட்டுவிட்டு, மிச்ச நேரம் அவர் சுடுவதைப் பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்பதுதான் கணக்கு. அவள் படுத்தாள், கன்னத்தை வைத்தாள், மூச்சை விட்டாள், சுட்டாள். புதுசாகப் பிடிக்கிறவர்களுக்கு வருகிற நடுக்கம் இல்லை, கண்ணைச் சிமிட்டவில்லை. பருப்பு வேகிறதா என்று பார்க்கிற அதே முகம். மூன்றாம் மாதம் அவருக்குப் பக்கத்தில் வந்தாள், ஒரு வருஷத்தில் தாண்டினாள், அப்புறம் மைக், மொட்டைத் தலையன், மரகதம் வீட்டுக்காரர். காதுக்குள் வண்டு கத்துகிறது. எப்போதும் கத்துகிறதுதான், சின்ன வயசில் காதில் ஒன்றும் வைக்காமல் சுட்ட திமிருக்குக் கிடைத்த கூலி. அவளுக்கு அந்தக் கூலியும் இல்லை. அடுக்களையில் இருந்துகொண்டு தெருமுனையில் வருகிற கீரைக்காரியின் சைக்கிளைக் கண்டுபிடிப்பாள். உக்கடம் மார்க்கெட்டில் தேங்காயைக் காதோடு வைத்து ஒரு குலுக்கு, "இது வேண்டாம், அது குடுங்க" என்பாள், கடைக்காரன் முகம் சுண்டும்.

இரண்டு டப்பாவும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பணியாரக் கல் மாதிரி ஐம்பது ஐம்பது குழி. அச்சு அசல் ஒரே டப்பாக்கள், மூடிதான் வேறே. நீல மூடி அவருக்கு, மஞ்சள் மூடி அவளுக்கு. நீலத்துக்குப் போடும்போது ஒவ்வொரு கூட்டுக்கும் தராசு. மஞ்சளுக்கு, போன ஆடி மாசத்திலிருந்து, கரண்டி. தராசும் இல்லை, மண்ணும் இல்லை, ஒரு கரண்டி அள்ளிக் கொட்டுவது, தலை தட்டுவதில்லை, ஒன்று கொஞ்சம் குறைச்சல், ஒன்று இன்னும் குறைச்சல், குண்டு ஒன்று ஆழமாக, ஒன்று மேலாக. துரோகம் என்று யாராவது சொல்ல முடியுமா? கண்ணுக்குத் தெரியாது. அட்டையில் ரெண்டு விரல்கடை தள்ளி விழும், அவ்வளவுதான், வயசாகிவிட்டது என்று அவளே நினைத்துக்கொள்வாள், அடுப்படிக்குப் போய்விடுவாள். போனாளா? போகவில்லை. ஆடி போய் ஆவணி போய் ஐப்பசியும் போயிற்று, அவள் அட்டையில் ஓட்டைகள் கூடிக்கொண்டே இருந்தன. இவர் அட்டையில் சிதறின! ஒவ்வொரு பொடியாக நிறுத்துப் போட்டவர் அட்டையில்! கண் டாக்டரிடம் போனார், புரை கிடையாது என்றான். ரத்தக் கொதிப்பா என்று பார்த்தார், இல்லை. கை நடுங்குகிறதோ என்று மூன்று வாரம் காபியை விட்டார், தலைவலிதான் வந்தது. போன மாசம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தன் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அழுகை வந்தது, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டார். அவளுக்குக் குப்பையைக் கொடுத்தாலும் அடிக்கிறாள். இவருக்கு அமுதத்தைக் கொடுத்தாலும் போய்விட்டது. அப்படியென்றால் கோளாறு தோட்டாவில் இல்லை, அவரிடம்தான், உள்ளே, எங்கேயோ ஆறாத இடத்தில். அந்த நினைப்பு வந்தால் அதோடு சரி, சோறு இறங்குவதில்லை.

நாளைக் காலை கிளப் சாம்பியன்ஷிப். மஞ்சள் டப்பாவில் ஒரே ஒரு குழிதான் பாக்கி, கீழ் வரிசை, வலது ஓரம். அவள் மேல் வரிசை இடது ஓரத்தில் ஆரம்பித்து எழுதுகிற மாதிரி வரிசை வரிசையாக எடுத்துச் சுடுவாள், ஒருநாளும் மாற்றமாட்டாள். அந்தக் கடைசிக் குழிக்கு ஒரு தோட்டா. சிகாமணி கரண்டியைக்கூட எடுக்கவில்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சிட்டிகை எடுத்தார், ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி, கூட்டுக்குள் விட்டார், குண்டை வைத்து, அதை அழுத்துகிற பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தார். ஆயிற்று. பார்த்தால் மற்ற நாற்பத்தொன்பதுக்கு அண்ணன் தம்பிதான். எல்லாரும் எழுந்து நிற்பார்கள், மொட்டைத் தலையன் மைக்கோடு தயாராக நிற்பான், மரகதம் கடைசிக் குண்டைச் சுடுவாள், பொசுக்கென்று ஒரு சத்தம், குண்டு அட்டைக்குப் பாதி வழியில் மண்ணைக் கொத்தும். அப்போது இவர் சேலைக் கரை மாதிரி எதையாவது நீவிக்கொண்டு தலையைக் குனிந்து பாவம் பார்ப்பார். நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்த கையோடேயே இன்னொன்று உள்ளே நெளிந்தது. மருந்து ரொம்பக் குறைந்தால் குண்டு மண்ணுக்குக்கூடப் போகாது, குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும். நிற்பது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும், கன்னத்தை வைத்துக்கொண்டிருக்கிற இடத்திலேயே. கிளப்புக்குப் புதுசாக வருகிறவர்களை உட்காரவைத்து அவர்தான் சொல்வார், சத்தம் வேற மாதிரி வந்தா கையைத் தூக்கு, அடுத்ததைச் சுட்டுத் தொலையாதே என்று. ஆனால் அது கடைசி ஆயிற்றே. கடைசிக்கு அடுத்தது ஏது? ஒன்றும் ஆகாது. அதைக்கூட யோசித்துத்தானே கடைசிக் குழியில் வைத்தோம், நம்மைப்போலப் பொண்டாட்டிமேல் அக்கறை உள்ளவன் யார் என்று ஒரு பெருமைகூட வந்தது மனுஷனுக்கு. என்ன ஜென்மமோ!

அம்மா ஞாபகம் வந்தது, எதற்கு இப்போது? கல்யாணமான புதுசில் அவர் மரகதத்தைக் கேட்காமல் சட்டைகூட வாங்கமாட்டார். அம்மா கொல்லையில் நின்று, "அந்தப் புள்ளை உனக்கு மருந்து வெச்சுட்டாடா, காப்பியில வெச்சாளோ கறியில வெச்சாளோ" என்று வயிறெரிந்தாள். அவர் சிரித்தார். மருந்து வைப்பதாம். இப்போது யார் யாருக்கு மருந்து வைக்கிறது, அம்மா? டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார், அடியில் தூசிதான், காலி. அடுத்த டின் வர மாசக்கணக்காகும். கதவு கிறீச்சிட்டது. மரகதம் ஒரு கையில் காபி, ஒரு கையில் முறுக்குத் தட்டோடு உள்ளே வந்தாள்.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?"

"ம்."

"சித்த அக்கட்டால தள்ளி வெய்யுங்க, தம்ளரு வெக்க எடமில்ல."

அவர் தள்ளவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார், முறுக்கைப் பார்த்தார், முறுக்கின் வளையத்தை எண்ணினார். அவளே தன் டப்பாவைத் தூக்கினாள், மேஜையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை முந்தானையால் ஒரு துடை துடைத்தாள், திரும்ப வைத்தாள். எப்படி வைத்தாள்? எந்தப் பக்கம் எந்தப் பக்கமாக? அய்யய்யோ. மூடி கழற்றி வைத்த டப்பா, நாலு ஓரமும் ஒன்றுபோல. கையில் பிடித்திருந்தபடியே வைத்தாளா, அரைச் சுற்று திருப்பினாளா? திருப்பியிருந்தால் வலது கீழ் ஓரம் இடது மேல் ஓரம் ஆகிவிடும். கடைசிக் குண்டு முதல் குண்டாகிவிடும். முதல் குண்டுக்கு அடுத்தது இருக்கிறது, நாற்பத்தொன்பது அடுத்தது. தராசில் வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று கை போனது, பாதியில் நின்றது, பித்தளைக் கூடுகளே ஒன்றுக்கொன்று எடை வித்தியாசம், அதற்குள் அந்தச் சிட்டிகை எங்கே தெரியப்போகிறது? ஐம்பதையும் உடைத்துப் பார்க்கவேண்டும். இவள் நிற்கும்போது உடைத்தால் ஏன் என்பாள். போகட்டும், போனபிறகு பார்க்கலாம். இல்லாவிட்டால்தான் என்ன, திருப்பியிருக்கமாட்டாள், திருப்பியிருந்தாலும் சத்தம் வேற மாதிரி வரும், அவளுக்குத்தான் பாம்புக் காதாயிற்றே, கையைத் தூக்குவாள். காதில் பஞ்சு வைத்திருப்பாளே. வைத்திருந்தாலும் கேட்கும். கேட்காவிட்டால்? கேட்கும் என்கிறேன், கம்முனு இரு. இப்படித் தனக்குத்தானே ஒரு அதட்டல் போட்டு, முறுக்கை எடுத்துக் கடித்தார், நன்றாகவே மென்றார். அவள் கன்னத்தை ஒரு தடவை பார்த்தார். கண்ணாடி பார்க்காமல் பூசின மஞ்சள், காதோரம் திட்டாக நின்றது. அந்தக் கன்னம்தான் நாளைக்குத் துப்பாக்கிமேல் படியும். அதைப் பார்த்த பிறகும் முறுக்கு இறங்கியது.

மரகதம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீல மூடியை எடுத்தாள். அதை அவளுடைய டப்பாமேல், அந்தச் சிட்டிகை இருக்கிற டப்பாமேல், வைத்தாள். மஞ்சள் மூடியை எடுத்து அவருடைய டப்பாமேல் வைத்தாள்.

"அம்மிணி, அது என்ற டப்பா."

"தெரியுங்க."

"மூடி மாத்தி வெச்சுட்ட."

"ஆமாங்க. ஆடி மாசத்துல இருந்து, நீங்க கை கழுவப் போறப்பெல்லாம் மாத்தித்தானுங்க வெக்கறேன்."

முறுக்கு நடுத்தொண்டையில் நின்றது. ஆடி மாசம். ஆடி, ஆவணி, ஐப்பசி. சிதறின அட்டைகள். கண் டாக்டர். மூன்று வாரத் தலைவலி. குளியலறையில் திறந்துவிட்ட தண்ணீர். அத்தனையும் அவரே கரண்டியால் அள்ளிப் போட்டது, அவரே சுட்டது. அவள் ஜெயித்து வாங்கின ஒவ்வொரு கோப்பையும் அவர் பொடிப்பொடியாக நிறுத்து, மூச்சைப் பிடித்துப் போட்ட தோட்டா. இத்தனை மாசமாக இந்த மேஜையில் உட்கார்ந்து, அவளை ஜெயிக்கவைக்கத் தன்னையே தோற்கடித்துக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் சந்தோஷமாக, விசில் அடித்துக்கொண்டு.

"எப்படி..." என்றார்.

"கொலுக்கிப் பார்த்தேனுங்க." ஒரு தோட்டாவை எடுத்துத் தன் காதருகே ஆட்டினாள், தேங்காய் பார்க்கிற அதே ஆட்டு. "உங்களுதுல சத்தமே வராது, கழுத்து முட்ட இருக்கும். எனக்குப் போட்டது சலசலங்கும். மொத நாளு நெனச்சேன், அவசரத்துல போட்டுட்டாருன்னு. அடுத்த வாரமும் சலசலன்னுச்சு. அதுக்கடுத்த வாரமும். இந்தாங்க, கேளுங்க." அவர் காதோடு வைத்து ஆட்டினாள். அவருக்கு வண்டுதான் கத்தியது. "உங்களுக்கு எங்கீங்க கேக்கப்போவுது" என்றாள். கோபமே இல்லை குரலில்.

நீல மூடியை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிக்கொண்டே போனாள். ஆட்டி வைத்தாள், ஆட்டி வைத்தாள். ஒன்றில் கை நின்றது. இன்னொரு தடவை ஆட்டினாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். வெளியே யாரோ பால் வண்டியை ஸ்டாண்டு போட்டார்கள்.

"இதுல ஒண்ணுமே இல்லீங்களே" என்றாள். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "இது எனக்குங்களா?"

"கை தவறிருச்சு" என்றார் சிகாமணி. ஒரு பொடி கூடினால் தூங்காத மனுஷன், கை தவறிவிட்டது என்றார்.

அவள் முகம் ஒரு கணம் உடைவது மாதிரி இருந்தது. உடையவில்லை. அந்தத் தோட்டாவை மடியில் போட்டாள், டப்பாவில் இருந்த மிச்சத்தையும் மடியில் கொட்டினாள், பூக்காரி உதிரிப் பூவைக் கலக்குகிற மாதிரி ரெண்டு கையாலும் கலக்கினாள், கைக்கு வந்ததை வந்தபடி ஐம்பது குழியிலும் நிரப்பினாள், நீல மூடியை வைத்து அழுத்தினாள். டக்கென்று மூடிக்கொண்டது. அவர் முன்னால் தள்ளினாள். சற்றுமுன் அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்றவருக்கு, இப்போது நெற்றியில், மேலுதட்டில், முழங்கைக்குழியில் என்று ஊற்றிக்கொண்டு வந்தது வியர்வை. ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான் பார்த்தார், மனசு சொல்லமாட்டேன் என்றது.

"ஒடைச்சுப் பாக்கறதுன்னா பாருங்க" என்றாள் மரகதம், எழுந்துகொண்டே. "திருப்பிப் போட மருந்து பத்தாது, எனக்குக் கொறச்சுப் போட்டதுதான அம்புட்டும். நாளைக்கு வெறுங்கையோட வாங்க. என்ற பையத் தூக்கிட்டு வர ஒரு ஆளு வேணுந்தான்." மஞ்சள் மூடி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டாள், குடம் மாதிரி. வாசல்படியில் நின்றாள். திரும்பவில்லை. "காப்பி ஆறுதுங்க, குடிங்க."

அவள் போன பிறகு சிகாமணி நீல மூடியைத் திறந்தார். ஒன்றை எடுத்துக் காதோடு வைத்து ஆட்டினார். வண்டு. இன்னொன்று. வண்டு. இன்னொன்றை இந்தக் காதில், அந்தக் காதில், பல்லில் கடித்துக்கொண்டுகூட ஆட்டிப் பார்த்தார், பித்தளை நாக்கில் கைத்தது. எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சின்னச் சுத்தியை எடுத்தார், தலைக்குள் தோட்டாவைச் செருகித் தட்டினால் குண்டு கழன்று வருகிற, உடைக்கிறதற்கென்றே உள்ள சுத்தி. உடைக்கலாம். ஐம்பதையும் உடைக்கலாம். உடைக்கிற சத்தம் அடுக்களைக்குக் கேட்கும், அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். நாளைக்குப் பையோடு போனால் மொட்டைத் தலையன் என்ன சொல்வான் என்பதுகூட இப்போதே கேட்டது, அதற்கு மட்டும் வண்டு குறுக்கே வரவில்லை. முதல் தோட்டாவைச் சுத்தியில் பொருத்தி, மேஜைக் காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். குண்டு கழன்றது, மருந்து கொட்டியது, முக்கால் கூட்டு மருந்து. இது இல்லை. சுத்தியைக் கீழே வைத்தார். காபியை எடுத்தார். ஆடை கட்டியிருந்தது. இருபத்தொன்பது வருஷமாகக் குடிக்கிற காபி, அதே சிக்கரி வாசனை, அதே பித்தளைத் தம்ளர். உதடுவரை கொண்டுபோனார். எனக்குங்களா என்று கேட்டாளே, அந்தக் குரல் வந்தது. தம்ளரைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சிகாமணி, மெல்ல ஆட்டிப் பார்த்தார்.